குடும்பச் சராசரி

மனைவிக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லத்தான் ஜேக்கப் அவளை மாம்பழச் சாலையிலிருந்த ஜீவதாரா இருதய நல நிலையத்துக்கு அழைத்து வந்தார். வரவேற்பு மேஜையில் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் மேடம் இப்படி மூச்சு வாங்குறீங்க?" என்பதுதான்.

"அதக் கேக்கத்தாங்க வந்தோம்," என்றார் ஜேக்கப்.

"நாங்க கேட்டா நீங்க பதில் சொல்லணும் சார். நீங்க கேட்டா நாங்க டோக்கன் கொடுப்போம்."

டோக்கன் கொடுத்தார்கள். லூர்துராணி அதை வாங்கி விசிறிக்கொண்டாள். ஒரு மாதமாகவே அவளுக்குப் படுக்க முடியவில்லை. முதலில் ஒரு தலையணை கூடியது, பிறகு இன்னொன்று, இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போயிற்று. மேலப்புதூர்க் கோயில் பாடகர் குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வரியை முடிக்க முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். புத்தூரில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் உமாமகேஸ்வரி நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இருதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. நாள் கடத்தாதீங்க, நாளைக்கே போயிடுங்க," என்று சொன்னார். ஜேக்கப் வால்வு கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு இந்த நிலையத்தில்தான் செல்லும். அதனால் இங்கே வந்தார்கள்.

"எடை எவ்வளவு?" என்றது மேஜை.

"நூத்திப் பன்னெண்டு."

"அப்ப ரெண்டாவது மாடி, எடைப் பிரிவு. அங்க பச்சைச் சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் கீழ இருதயப் பிரிவு."

"அம்மா, இவளுக்கு இருதயந்தான்..."

"இருதயப் பிரிவு இங்கயேதான் சார் இருக்கும். எங்கயும் போயிடாது."

லிஃப்ட் வாசலில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை: 'எண்பது கிலோவுக்கு மேற்பட்டோர், அவர்தம் நலன் கருதி, படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' அவர் ஜேக்கப்பை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வாங்க சார். நீங்க தாராளமா வரலாம். அம்மாதான் ஏறி வரணும்."

"வியாதி அவளுக்குங்க."

"அதனாலதான் சார் படி."

ஒவ்வொரு படியின் நெற்றியிலும் பச்சை பெயின்ட்டில் எழுதியிருந்தது: 'இந்தப் படி ஓர் இட்லியில் கால் பங்கைக் கரைக்கிறது.' முதல் திருப்பத்திலேயே லூர்துராணி உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுத்திருந்தது. ஜேக்கப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"ஏங்க," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "இதுவரைக்கும்... எத்தன இட்லி?"

"நாலு இருக்கும்."

"சட்னி இல்லாமயா?"

சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. அவள் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டாள்.

எடைப் பிரிவில் சௌமியா என்ற பெண் ஆலோசகராக இருந்தாள். நல்ல பெண். எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை லூர்துராணியின் கையில் சுற்றினாள். அது பட்டென்று பிரிந்துகொண்டது. மறுபடி சுற்றி, ஜேக்கப்பை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இருநூற்றுப் பத்து காட்டியது.

"ரொம்ப ஜாஸ்தி மேடம். பட்ட சின்னது, அதனாலயும் கூடக் காட்டும்."

"பெரிய பட்ட இல்லீங்களா?" என்றார் ஜேக்கப்.

"இருக்கே! நன்கொடையா வந்தது. டைரக்டர் சார் ரூம்ல கண்ணாடி அலமாரில வெச்சிருக்கோம். திறப்பு விழால ரிப்பன் வெட்டினது சார், அத எடுத்துக் கையில சுத்த முடியுமா? எல்லாருக்கும் ஒரே பட்டதான். இங்க பாரபட்சமே கிடையாது."

இருநூற்றுப் பத்து என்றே எழுதிக்கொண்டாள்.

பிறகு புது நோயாளிகளுக்கான வகுப்பு. டைரக்டர் டாக்டர் காசிநாதன் மேடையேறினார். அவர் வயிறு அவருக்குச் சற்று முன்பாக ஏறியது. அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அன்பர்களே! ஒரு வீடு. அதுக்கு ஒரு மோட்டார். நீங்க அந்த வீட்டு மேல ஒரு மாடி கட்டறீங்க. அதுக்கு மேல இன்னொரு மாடி. குழாய் நீண்டுக்கிட்டே போகுது. மோட்டார் யாரு வாங்கினது? ஆண்டவன் கொடுத்த அதே பழைய மோட்டார்! உடம்பு பெருத்தா ரத்தம் கூடும். ரத்தம் கூடினா அழுத்தம் கூடும். தள்ளித் தள்ளி இருதயத்தோட சுவர் தடிச்சுப்போகும். ராத்திரி குறட்டை விடறீங்களே, அது என்னன்னு நெனைச்சீங்க? மூச்சு நின்னு நின்னு வருது, ஒவ்வொரு தடவையும் இருதயத்துக்குச் சவுக்கடி! கடைசில ஒரு நாள் மோட்டார் தள்ள முடியாம நிக்கும். அப்ப தண்ணி எங்க போகும்? பின்னாடி தேங்கும். கால்ல தேங்கும். நுரையீரல்ல தேங்கும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஜேக்கப் கைதட்டவில்லை. மனைவியைப் பற்றியே ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாரே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"சார், நீங்க சொன்னது அத்தனையும் இவளுக்கு இருக்குங்க. தண்ணி தேங்கிடுச்சு. மோட்டார ஒரு தடவ பாத்துடுங்க சார்."

"பாப்போம், பாப்போம். மொதல்ல மாடிய இடிச்சுட்டு வாங்க!"

மறுபடி கைதட்டல்.

"இடிக்கறதுக்கு நடக்கலாமா சார்?" என்றாள் லூர்துராணி.

"நடந்தே ஆகணும்மா. ஆனா இருதயப் பிரிவு அனுமதி இல்லாம ஒரு அடி நடக்கக் கூடாது. ஆபத்து."

"அந்த அனுமதி...?"

"பச்சைச் சீட்டு இருந்தா தருவாங்க."

"பச்சைச் சீட்டு?"

"எடை குறைஞ்சா தருவோம்."

லூர்துராணி கணவரின் காதில் சொன்னாள்: "இருதய ஆண்டவரையாச்சும் முழங்கால் போட்டாப் பாத்துடலாம். இருதய டாக்டரப் பாக்க என்னத்தப் போடறது?"

ஒரு வாரத்துக்குக் கஞ்சியும் சுரைக்காயும் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதையும் பாதி வைத்துவிட்டாள். நாலு வாய்க்கே வயிறு உப்பிக்கொண்டது. ஆனால் அடுத்த முறை எடை மேடையில் ஏறியபோது முள் நூற்றுப் பதினேழில் போய் நின்றது. சௌமியாவின் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது.

"மேடம், என்ன சாப்பிட்டீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதாம்மா."

"அதுக்கு மேல?"

"அதுவே முழுசா இல்ல."

"மேடம், இது மெஷின். பொய் சொல்லாது. உண்மைய ஒத்துக்கிட்டா நாம மேல போலாம். ஸ்வீட்டா? பிரியாணியா?"

லூர்துராணி நாற்பது வருஷமாகப் பாவசங்கீர்த்தனம் செய்து வருகிறவள். இப்படி விடாப்பிடியான சாமியாரை அவள் பார்த்ததில்லை. செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள். பிறகு ஜேக்கப்பைத் தனியறைக்கு அழைத்துப் போனார்கள்.

"சார், மனைவியக் காப்பாத்தறதா நெனைச்சு மறைக்காதீங்க. ராத்திரில எழுந்து சாப்பிடறாங்களா?"

"எழுந்திருக்க முடியலன்னுதாம்மா இங்க வந்திருக்கோம்."

"ஃபிரிட்ஜுக்குப் பூட்டு உண்டா?"

"அம்மா, அவ கணுக்கால அமுக்கிப் பாருங்க. விரல் வெச்ச எடம் பள்ளமா அப்படியே நிக்குது. அது சோறு இல்லம்மா, தண்ணி."

சௌமியா வெளியே வந்து அமுக்கிப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. விழுந்தபடியே இருந்தது. அவள் முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ ஓடியது. பிறகு தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"தண்ணியா இருக்கலாம் சார். ஆனா இதுல தண்ணின்னு போடறதுக்கு எடம் இல்ல. கூடினா சாப்பாடு, கொறைஞ்சா ஒழுக்கம். ரெண்டுதான் இருக்கு."

சாப்பாடு என்று போட்டாள்.

வீட்டில் மகள் லிசி கொதித்தாள். அவள் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். "அப்பா, காப்பீடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அம்மா உதட்டப் பாருங்க."

"பெரிய இருதய நிலையம்டி. வாசல் வரைக்கும் போயாச்சு. ஒரு சீட்டுதான் பாக்கி," என்றார் ஜேக்கப்.

அந்தச் சீட்டுக்கு வழியும் பிறந்தது. டைரக்டர் ஒரு சீர்திருத்தம் அறிவித்திருந்தார். சௌமியா போனில் உற்சாகமாகப் படித்துக் காட்டினாள்: "'உடல் பருமன் தனி மனிதப் பிரச்சினை அல்ல, ஒரே உலையில் உண்ணும் குடும்பத்தின் பிரச்சினை. ஆகவே இனி தனி நபர் எடை பார்க்கப்படாது. ரேஷன் கார்டில் உள்ள அனைவரின் எடையையும் கூட்டி, பேர்களால் வகுத்து, குடும்பச் சராசரி கணக்கிடப்படும்.' அறுபத்தஞ்சுக்குக் கீழ வந்தா அன்னிக்கே பச்சைச் சீட்டு சார்!"

ஜேக்கப் போனை வைத்தார். டைம் ஆபீஸில் முப்பது வருஷம் ஆயிரம் பேர் வருகையைச் சராசரி போட்ட மனிதர். அவர் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவர் ஐம்பத்தொன்று. லிசி நாற்பத்தாறு. கார்டில் இன்னொருவரும் உண்டு: லால்குடியில் தனிக்கட்டையாக இருக்கும் தம்பி விக்டர். பீடியும் டீயுமாக வாழ்கிறவன். நாற்பத்து மூன்று கிலோவைத் தாண்டியதில்லை.

"ராணி! நீ குறையவே வேண்டாம்! நாங்க உன்னக் குறைச்சுடறோம்!"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி லூர்துராணி கேட்டதில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி அவரையே பார்த்தாள். "இவ்வளவு கெட்டிக்காரர... இத்தன நாளா... கடைக்கு அனுப்பிட்டு இருந்தேனே," என்றாள்.

விக்டர் காலை ரயிலில் வந்து இறங்கினான். ஜேக்கப் அவனை வாசலிலேயே நிறுத்தினார். "சாப்பிட்டியா?"

"இல்லண்ணே, இங்க வந்து..."

"சாப்பிடாத. எடை பாத்துட்டு வாங்கித் தரேன். பெல்ட்டக் கழட்டு. பையில என்ன சில்லற? எடு."

"அண்ணி, என்ன இது, அண்ணன் என்னக் கசாப்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி பாக்குறாரு?"

"பயப்படாத தம்பி. இங்க எளச்ச ஆட்டுக்குத்தான் மதிப்பு," என்றாள் லூர்துராணி. மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கித்தான் அதைச் சொன்னாள்.

நிலையத்தில் அன்று விழாக்கோலம். ஒரு குடும்பத்தைக் குடும்பமாகத்தான் நிறுக்க வேண்டும் என்று டைரக்டர் கருதியதால், காந்தி மார்க்கெட் மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் பெரிய தராசு மேடை ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். அதில் இன்னும் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. சாமந்தி மாலை போட்டிருந்தார்கள், தராசுக்கு. விழா முன்முற்றத்தில் என்பதால் படி ஏற வேண்டியிருக்கவில்லை. அதற்கே ஜேக்கப் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்.

நால்வரும் ஏறி நின்றார்கள். லிசியும் விக்டரும் ஆளுக்கொரு பக்கம் லூர்துராணியைத் தாங்கிக்கொண்டார்கள். அவள் உடம்பு சில்லென்று வியர்த்திருந்தது.

"சேர் போட்டு உக்கார வைக்கலாங்களா?" என்றாள் லிசி.

"சேர் எடை கூடும்மா," என்றார்கள்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "சில பேர் கேக்கறாங்க, டாக்டர், ஒருத்தர் இருதயத்தப் பாக்காமலே எப்படி வைத்தியம் பண்றீங்கன்னு. நான் சொல்றேன், பத்து வருஷமா இந்த நிலையத்துல இருதய நோயாளிகள் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது! காரணம் என்ன? மேல மாடிலயே நாங்க தடுத்துடறோம்! கீழ வர விடறதே இல்ல!"

கைதட்டலுக்கு நடுவே முள் ஆடி நின்றது. இருநூற்று ஐம்பத்தேழு. ஜேக்கப் மனக்கணக்கில் முந்திக்கொண்டார்: "அறுபத்து நாலே கால்!"

"இந்தக் குடும்பம் நார்மல்!" என்று டைரக்டர் கூவினார். பட்டாசு கொளுத்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் மூன்று பேர் சிரித்தார்கள். லூர்துராணி வாயைத் திறந்திருந்தாள். அதையும் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பச்சைச் சீட்டை ஏந்திக்கொண்டு ஜேக்கப் கிட்டத்தட்ட ஓடினார். இருதயப் பிரிவின் வாசலில் வீரமலை என்ற குமாஸ்தா இருந்தார். சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நார்மல்னு போட்டிருக்கே."

"ஆமாங்க! நார்மல் ஆயிட்டோம்!"

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

ஜேக்கப்புக்குப் புரியவில்லை. "இருதயத்தப் பாக்கத்தாங்க. இதுக்குத்தான் இந்தச் சீட்டு."

"சார், உங்க காப்பீடு எதுக்குன்னா, பருமனால வர்ற இருதய நோய்க்கு. உங்க வீட்டுல பருமன் இல்லன்னு டைரக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இல்லாத பருமனால எப்படி நோய் வரும்?"

"இவளப் பாருங்கய்யா! ஒரு தடவ திரும்பிப் பாருங்க!"

வீரமலை திரும்பிப் பார்த்தார். லூர்துராணி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். மூச்சோடு ஒரு கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அவர் மனசு இளகாதவர் இல்லை. குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்.

"ஒண்ணு பண்ணுங்க. தாலுக்கா ஆபீஸ் போயி கார்டுலேந்து உங்க தம்பி பேர எடுத்துடுங்க. சராசரி எழுபத்தொண்ணுக்கு ஏறிடும். அப்பறம் எடைப் பிரிவுல புதுசாப் பதிவு பண்ணி..."

"அண்ணே, நான் வேணா எங்கயாச்சும் போயிடறேண்ணே," என்றான் விக்டர். அவன் அழுதுகொண்டிருந்தான். "நான் வந்ததுதான் தப்பாப்போச்சு."

"அப்பா!" என்று லிசி அலறினாள். லூர்துராணியின் வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்திருந்தது.

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போது அவள் தலை ஜேக்கப்பின் தோளில் கிடந்தது. ஐம்பத்தொரு கிலோ மனிதர் அவளைத் தாங்கிக்கொண்டு, "ராணி, ராணி," என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் யாரும் எடை கேட்கவில்லை. டியூட்டி டாக்டரம்மா ஓடி வந்து முகமூடி வைத்து, ஊசி போட்டு, நிமிர்த்தி உட்காரவைத்தார். தண்ணீர் வெளியேறத் தொடங்கியது. பை நிரம்பி, மாற்றி, மறுபடி நிரம்பியது. மறுநாள் கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. லிசி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எடை நல்லாக் குறைஞ்சிருக்கு. எல்லாம் தண்ணிதான்," என்றார் டாக்டரம்மா. பிறகு ஜேக்கப்பை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "ஆனா ரொம்ப நாள் தேங்க விட்டுட்டீங்க சார். இருதயம் முழுசாத் தளந்துபோச்சு. எங்க இருந்தீங்க இத்தன நாளா?"

ஜேக்கப் பதில் சொல்ல வாயெடுத்தார். என்ன சொன்னாலும் அந்த அம்மாள் நம்பமாட்டார் என்று தோன்றியது.

லூர்துராணி முகமூடியைக் கொஞ்சம் விலக்கி அவரைக் கூப்பிட்டாள். "ஏங்க. அந்தப் பொண்ணு... சௌமியா."

"ம்."

"போன் பண்ணிச் சொல்லுங்க. நான் ஒண்ணும்... திருட்டுத்தனமாச் சாப்பிடலன்னு."

"சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

அவர் போன் செய்தார். எல்லா ஆலோசகர்களும் வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு குரல் சொல்லி, நடைப்பயிற்சியின் நன்மைகளை விளக்கத் தொடங்கியது. அவள் கேட்டுவிடக் கூடாதென்று போனை மார்போடு அழுத்திக்கொண்டு, "சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன சொன்னா?"

"மன்னிச்சுக்கச் சொன்னா."

"பாவம், சின்னப் பொண்ணு," என்றாள் லூர்துராணி. மறுநாள் விடியும்போது அவள் இருதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து, விக்டர் லால்குடிக்குத் திரும்பிப் போய், அவள் தூங்கிய நாற்காலியை யாரும் நகர்த்தி வைக்காமல் வீடு கிடந்த நாட்களில் சௌமியாவே போன் செய்தாள்.

"சார், ஜீவதாராலேந்து. மாதாந்தரக் குடும்பச் சராசரி. ஒவ்வொருத்தரா எடை சொல்லுங்க. உங்களுது?"

ஜேக்கப் சொன்னார். லிசியுடையதைச் சொன்னார். விக்டருடையதைச் சொன்னார். ஏன் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. முப்பது வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணிக்கை சொல்லிப் பழகிய வாய்.

"லூர்துராணி மேடம்?"

"அவ இல்லம்மா."

"எடை பாக்க வரலையா? வராதவங்களுக்குப் பூஜ்யம் போடச் சொல்லியிருக்காங்க சார். பரவாயில்லையா?"

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மொத்தம் நூத்தி நாப்பது. கார்டுல நாலு பேர். முப்பத்தஞ்சு! ஐயோ சார், இது ரொம்ப ஆபத்தான குறைவாச்சே. உங்களுக்கு ஊட்டச்சத்துப் பிரிவுல நாளைக்கே நேரம் போடறேன்." அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க வீட்டுல யாரோ ஒருத்தர் சரியாவே சாப்பிடறதில்லன்னு நெனைக்கிறேன்."

"ஆமாம்மா," என்றார் ஜேக்கப். "ஒருத்தர் சாப்பிடறதில்ல."